ஒரு கோடி நிறமும் ஒரு சிவலை மறியும்

குகதாசன் மனேச்சர் ரப்பிலே கீறிய ஆடு குட்டி போட்டுவிட்டதாம். அதுவும் இரண்டு.

வட்டுக்கோட்டைச் சந்தியிலே தேத்தண்ணி குடிக்கிறவர்கள் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். சித்தங்கேணிக்குப் போய்ச் சேருவதற்குள் இந்தக் கதைக்கு ஒரு குட்டி கூடிவிடுகிறது. மூன்று குட்டியாம், கண்ணாடியைப் பிளந்துகொண்டு குதித்ததாம். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையிலே கத்தரிக்காய் விற்கிற ஒருத்தி இன்னும் தூரம் போய், அந்த ஆட்டிலே பால் கறந்து தேத்தண்ணி போட்டதாகவும், குடித்தபோது கொஞ்சம் பெயின்ற் மணத்ததாகவும் சொல்லியிருக்கிறாள். குடித்தது அவளுடைய சொந்த மச்சாளாம். இதற்கு மேலே என்ன சாட்சி வேண்டும்?

நம்பிவிடாதீர்கள். நடந்த கதை வேறு. அது இதைவிட மோசம். ஆனால் அது விளங்க வேண்டுமென்றால் முதலில் எங்கள் ஊர்களிலே அண்மைக்காலமாகப் பெருகிவருகிற ஓர் இனத்தைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முடியேல்லையார் இனம். எப்போது கேட்டாலும் 'இன்னும் முடியேல்லை' என்பவர்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பிய, கண்ணாடியை விரலாலே தொட்டுப் படம் கீறுகிற ரப்லெட்டும், மாதம் தவறாத ஓய்வூதியமும், தெருவிலே புதிதாக வந்த இன்ரநெற்றும் ஒரே வீட்டிலே சந்தித்துக்கொள்ளும்போது இந்த இனம் தானாகவே முளைக்கிறது. முன்பெல்லாம் இப்படியானவர்கள் கோயில் கூட்டத்திலே எழும்பி நின்று கேள்வி கேட்டார்கள், அடுத்த வீட்டு வேலியிலே எத்தனை பூவரசங் கதியால் புதிதாக நட்டிருக்கிறது என்று எண்ணினார்கள், வீதியிலே குழி வெட்டுகிறவனுக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது ரப்பிலே படம் கீறுகிறார்கள். ஊர் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

ஒரு முடியேல்லையாரை எப்படி அடையாளம் காண்பது? வலக்கையைப் பாருங்கள். கறி எண்ணெய் விரலிலே ஒட்டினால் கண்ணாடியிலே கோடு வழுக்கும் என்பதற்காக அவர் சோற்றைக் கரண்டியாலே சாப்பிடுவார். புட்டையும் கரண்டியால். முருங்கைக்காயையும் கரண்டியால் சாப்பிடப் பார்த்துத் தோற்றுப்போய், பிறகு முருங்கைக்காயையே வெறுத்துவிடுவார். உள்ளங்கை கண்ணாடியிலே படாமல் இருக்க ஒற்றைக் காலுறையின் நுனியை வெட்டிக் கையிலே மாட்டியிருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் கை சுட்டுப்போச்சோ என்று கேட்க வேண்டும், உண்மையிலே அதற்காகத்தான் மாட்டியிருக்கிறார்.

அவரிடம் பிறஷ் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கும். எண்ணெய்ப் பிறஷ், தண்ணீர்ப் பிறஷ், சோக்கட்டிப் பிறஷ், கரித்துண்டுப் பிறஷ், புல்லு முளைக்கிற பிறஷ், முகில் விழுகிற பிறஷ், ஒரு தட்டுத் தட்டினால் ஒரு குடும்பம் மீன்கொத்திகள் வந்திருக்கிற பிறஷ். எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் ஒருக்கால் திறந்து பார்த்து, நகைப் பெட்டியை மூடுகிறதுபோல மூடி வைப்பார். கீறுவது எதனாலே? அழிறப்பராலே. நூறு கோடு போட்டால் நூற்றியொரு கோடு அழிப்பார். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, ஒரு கண்மடல் மயிர் பனைமரம் அளவுக்கு வந்தபிறகு, அந்தப் பனையைச் செதுக்கிக்கொண்டிருப்பார். பின்னேரம் திருப்பிச் சிறுப்பித்துப் பார்த்தால் கண்ணையே காணவில்லை.

இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் அந்த இரண்டு விரல்.

கடைசியாகச் செய்த பிழையை இல்லாமல் ஆக்க, இந்தப் படம் கீறும் செயலியிலே இரண்டு விரலாலே கண்ணாடியை மெல்லத் தட்டினால் போதும். தட்டினால் ஒரு கோடு போகும். இன்னொரு தட்டு, இன்னொரு கோடு. மனிதகுலம் இத்தனை காலமாகத் தேடியது இதுதானே? முடியேல்லையாருக்கு இது கையிலே ஊறிப்போய்விடும். தேத்தண்ணியிலே சீனி கூடிப்போனால் கோப்பையைத் தட்டுவார். மனுசியோடு வாய் தடுமாறி ஏதும் சொல்லிவிட்டால் மேசையைத் தட்டுவார்.

"உங்கடை அக்காவும் ஒரு பேய்க்கதை கதைக்கிற மனுசிதான்" என்று ஒருநாள் குகதாசன் சொல்லிப்போட்டு, உடனே இரண்டு விரலாலே மேசையைத் தட்டினார்.

"உது உங்கடை ரப் இல்லை" என்றார் அவருடைய மனுசி பத்மாசினி. "சொன்னது சொன்னதுதான்."

இந்த இனத்திலே தலைசிறந்த ஆள் குகதாசன் மனேச்சர். கூட்டுறவுச் சங்கக் கடையிலே முப்பது வருடம் மனேச்சராக இருந்தவர். கடை வாசலிலே கரும்பலகை வைத்து, சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று சோக்காலே எழுதுகிற வேலையை அவர் ஒருத்தரையும் தொட விட்டதில்லை. 'சீனி' என்ற சொல்லுக்கு நிழல் போட்டு, சுழிக்குள்ளே பூ வைத்து அவர் எழுதி முடிக்கும்போது சீனி முடிந்திருக்கும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கனடாவிலிருக்கும் மகன் நிருஷன் ரப்பை அனுப்பினான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தான். பொழுது போனது. போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு வருடத்திலே முடிந்த படம் ஒன்றுமில்லை. பத்மாசினியைக் கீறத் தொடங்கிய படத்திலே இன்றைக்கும் ஒரு மூக்குத்தி மட்டும்தான் இருக்கிறது. மூக்கு பிறகு வருமாம்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு வீடு தள்ளி இருக்கிற பூரணம், ஒழுங்கையிலே நின்று தலையிலே கை வைத்துக் கத்தினா.

"ஐயோ, என்ரை பவுணைக் காணேல்லை!"

எதிர்வீட்டு நாகேஸ்வரி வேலிக்கு மேலாலே தலையை நீட்டினா. ஊரிலே நடப்பது எதுவும் நாகேஸ்வரியின் வேலியைத் தாண்டாமல் வெளியே போவதில்லை.

"எத்தினை பவுண், அக்கா?"

"ஒண்டுதானெடி வச்சிருந்தனான்."

"ஒண்டுக்கோ உந்தக் கத்துக் கத்துறியள்?"

"வயித்துக்குள்ளை ரெண்டு கிடக்கெல்லே!"

நாகேஸ்வரி மிச்சம் கேட்க நிற்கவில்லை. கால் மணித்தியாலத்துக்குள்ளே பூரணம் இரண்டு பவுண் நகையை விழுங்கிவிட்டா என்ற செய்தி சங்கரத்தை வரைக்கும் போய், ஓர் ஓட்டோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வந்து படலையிலே நின்றது. ஓட்டோக்காரனுக்கு விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்பவே பூரணத்துக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பவுண் என்பது ஆடு. சிவலை நிறப் பெட்டையாடு, சிவலை மறி. தாய் செத்த குட்டியைப் போத்தல் பால் கொடுத்து வளர்த்து, தன் வீட்டிலே வேறு பவுண் இல்லாத குறை தீர அந்தப் பெயரை வைத்திருந்தா பூரணம். ஆடு இப்போது குட்டித்தாய்ச்சி. இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. பற்றைக்குள்ளே போய்க் குட்டி போட்டால் தெருநாய்கள் தாயையும் விடாது, குட்டியையும் விடாது. அதுதான் அந்தக் கத்தல்.

பூரணம் ஓடினது செபநாயகத்தின் போட்டோக்கொப்பிக் கடைக்கு. காணவில்லை என்று ஒரு நோட்டீசு அடித்து நாலு சந்தியிலே ஒட்டி, ஊரின் வட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும்.

"எழுத்து மட்டும் போட்டா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம், அக்கா. படம் வேணும்" என்றான் செபநாயகம்.

படம் ஒன்று இருந்தது. போன வருடம் ஒரு சாமத்தியவீட்டுச் சடங்கிலே எடுத்தது. நடுவிலே ஒரு மாமி நீலப் பட்டுச் சேலையோடு அகலமாக நின்றா. சேலைக்குப் பின்னாலே, வலப்பக்கத்தில், பவுணுடைய வால்.

"வால் வடிவா விழுந்திருக்கு" என்றா பூரணம்.

"வாலை வச்சு ஆரக்கா ஆட்டைப் பிடிக்கிறது?"

விதி அந்த நேரம் பார்த்து ஓய்வூதியப் பத்திரத்துக்குக் கொப்பி எடுக்க வந்து, கடையின் ஒற்றைக் கதிரையிலே, கையிலே காலுறையோடு உட்கார்ந்திருந்தது.

"நான் கீறித் தாறன்" என்றார் குகதாசன்.

செபநாயகம் மெசினைப் பார்த்தான். பூரணத்துக்கு மட்டும் முகம் மலர்ந்தது. பாவம், அவ ஆட்டை நினைத்துக்கொண்டிருந்தா.

"எவ்வளவு நேரம் செல்லும், மனேச்சர் அண்ணை?"

"என்ன, ஒரு அரை மணித்தியாலம். அடையாளத்தைச் சொல்லும்."

"சிவலை. இடப்பக்கத்து முன்னங்கால் முழங்கால் மட்டும் வெள்ளை. வலக் காதிலை ஒரு வெட்டு."

செபநாயகம் நோட்டீசின் மேல்பாதியை வெறுமையாக விட்டு, கீழே பூரணத்தின் போன் இலக்கத்தை அடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அன்றைக்கு முழுவதும் பிறஷ் தெரிவு நடந்தது. சாமத்தியவீட்டுப் படத்தை அடியிலே வைத்து, அதற்கு மேலே வாலை மட்டும் பிரதி எடுத்தார். வால் நன்றாக வந்தது. அந்த உற்சாகத்திலே உடம்புக்கு எந்தப் பிறஷ் என்று தேடப் போனவர், இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஆட்டு மயிருக்கு என்று ஒரு பிறஷ் இல்லை. நாய் மயிர் இருக்கிறது, பூனை மயிர் இருக்கிறது, துருவக் கரடிக்குக்கூட இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆட்டை மறந்துபோனான் என்று மனேச்சருக்கு உள்ளபடியே கவலையாக இருந்தது.

"சிவலை மறி, இடக்கால் வெள்ளை எண்டு எழுதி ஒட்டினா முடிஞ்சுது" என்றார் பத்மாசினி, வெங்காயம் உரித்துக்கொண்டு. "உதுக்குப் போய் மயிர் தேடுறியள்."

"நீர் சும்மா இரும். கலை உமக்கு விளங்காது." தட்டினார், இரண்டு விரலாலே. பிந்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை நிறம். இந்தச் செயலியிலே ஒரு கோடிக்கு மேலே நிறம் இருக்கிறது. வட்டமாக ஒரு சில்லு. விரலை வைத்து உருட்டினால் செம்மஞ்சள் மண்ணிறமாகும், மண்ணிறம் கத்தரிப்பூவாகும், கத்தரிப்பூ கிளிப்பச்சை வரைக்கும் போய்த் திரும்பி வரும். ஒரு கோடியிலும் தேடினார். சிவலை இல்லை. சிவலை என்றால் எங்கள் ஊரிலே பிறந்த எவருக்கும் தெரியும். சிவப்பு என்று நினைப்பவன் வேற்று ஊரான். ஆனால் அது மண்ணிறமுமில்லை, செம்மஞ்சளுமில்லை. படலையடிக்கு வந்த பூரணத்தையே கேட்டார்.

"எந்தச் சிவலை, பூரணம்?"

"ஆட்டுச் சிவலைதான்."

"விளக்கமாச் சொல்லும்."

பூரணம் யோசித்தா. "கடுஞ்சாயத் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பால் விட்ட மாதிரி."

"கொஞ்சமெண்டா எவ்வளவு? எங்கடை வீட்டுக் கொஞ்சமோ, உங்கடை வீட்டுக் கொஞ்சமோ?"

"உங்கடை வீட்டிலை பால் விடுறதே தெரியாது, அண்ணை. எங்கடை வீட்டுக் கொஞ்சம்."

பத்மாசினி அன்றைக்கு ஏழு கோப்பை தேத்தண்ணி போட்டார். ஒவ்வொன்றிலும் பால் ஒரு கரண்டி கூட. ஏழையும் வரிசையாக வைத்து, போட்டோ எடுத்து, படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கிற குழாயாலே உறிஞ்சிப் பார்த்தார். நாலாவது கோப்பைதான் பவுண். சந்தோசத்திலே, உடம்பு முழுக்க ஒரேயடியாக நிறம் நிரப்புகிற வாளியைத் தொட்டார். வயிற்றுக் கோட்டிலே எங்கேயோ ஒரு நுளம்பு போகிற அளவு இடைவெளி இருந்திருக்க வேண்டும். ஆடு நிறைந்து, வழிந்து, புல்லு, வானம், சூரியன் எல்லாம் தேத்தண்ணியாகிவிட்டது. இரண்டு விரல். பிறகு அந்த இடைவெளியைத் தேடத் தொடங்கினார். பொழுதுபட்டது.

வீணாகப் போன தேத்தண்ணி ஒன்றும் வீணாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏழு கோப்பையையும் நாகேஸ்வரி வந்து, செய்தி கேட்டுக் கேட்டுக் குடித்துவிட்டுப் போனா.

புதன்கிழமை நடந்ததைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். படத்தை இடம் வலமாகத் திருப்பி, கண்ணாடியிலே பார்ப்பதுபோலப் பார்த்தால் பிழை எல்லாம் எழும்பி நிற்கும் என்று யூரியூப்பிலே எவனோ சொல்லியிருந்தான். மனேச்சர் திருப்பினார். இடது பார்த்து நின்ற ஆடு வலது பார்த்து நின்றது. பிழைகள் எழும்பி நின்றன. மூக்கைத் திருத்தினார், வயிற்றை இறக்கினார், மடியைத் திருத்தும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். எல்லாம் திருத்திய பிறகு படத்தைப் பழையபடி திருப்பினாரா? இல்லை. மறந்துபோனார். இப்போது பவுணுக்கு வெள்ளைக்கால் வலப்பக்கம். காது வெட்டு இடப்பக்கம். இதை ஒருத்தரும் கவனிக்கவில்லை, மனேச்சர் உட்பட.

பின்னேரம் பூரணம் வந்தா. மூன்று நாளாகப் பற்றை பற்றையாகத் திரிந்து, காலெல்லாம் முள்ளுக் கீறல்.

"அண்ணை, படம் முடிஞ்சுதோ? குட்டி போடுற நாள் வந்திட்டுது. எனக்கு நித்திரையே வருகுதில்லை."

மனேச்சருக்கு மனம் கரைந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அவர் கெட்ட மனிதரில்லை. குறையான படத்தைக் கொடுத்து, ஆடு கிடைக்காமல் போய்விட்டால் அந்தப் பழி தன்னுடையது என்று உண்மையாகவே நம்பினார். இந்த இனத்திலே எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் ஆபத்து.

"இன்னும் முடியேல்லை, பூரணம். காது மட்டும் மிச்சம். நாளைக்குக் கட்டாயம்."

வியாழக்கிழமை காலை பத்மாசினி திருநெல்வேலியிலிருக்கும் அக்கா வீட்டுக்கு வெளிக்கிட்டார். "சோறு கறி மூடி வச்சிருக்கு. படலையைச் சாத்தி வையுங்கோ, ஆடு மாடு வந்து செவ்வரத்தையைத் திண்டுபோடும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். மனேச்சர் ஓம் என்றார். படலை திறந்தபடியே கிடந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு ஆடு வந்து செவ்வரத்தையைத் தின்றது.

மனேச்சர் நிமிர்ந்து பார்த்தார். சிவலை. மறி. வயிறு பானை மாதிரி. ரப்பையும் தூக்கிக்கொண்டு எழும்பினார். காலைப் பார்த்தார்: முன்னங்காலிலே வெள்ளை. படத்தைப் பார்த்தார். திரும்பவும் காலைப் பார்த்தார். ஆட்டுக்கு வெள்ளை இடப்பக்கம், படத்திலே வலப்பக்கம். காதைப் பார்த்தார். வெட்டு இருக்கிறது, ஆனால் மற்றக் காதிலே.

"சீச்சீ" என்றார். "கிட்டத்தட்ட வந்திட்டீர். ஆனா நீரில்லை."

ஆனாலும் காது மிச்சமிருந்தது. கீறுகிறவனுக்குக் கண்ணுக்கு முன்னாலே ஒரு மாதிரி நின்றால் நல்லதுதானே? உடையவன் தேடி வந்தால் கொடுத்துவிடலாம். கிழிந்த சாரத் துண்டாலே ஆட்டைப் பின்வளவு முருங்கையிலே கட்டி, ஒரு சட்டியிலே தண்ணீர் வைத்து, கதிரையை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பூரணம் எங்கே? அராலி வெளியிலே, வெயிலுக்குள்ளே, 'பவுணு, பவுணு' என்று கூப்பிட்டுக்கொண்டு.

மாதிரி ஒழுங்காக நிற்கவில்லை. படுத்தது, எழும்பியது, நிலத்தைக் காலாலே பிறாண்டியது, ஒரு சுற்றுச் சுற்றியது, ஒரு மாதிரி முனகியது.

"ஒருக்கா அசையாமல் நில்லும் பாப்பம்!" என்றார் மனேச்சர். "உம்மடை ஆட்டத்துக்கு நான் எப்பிடிக் கீறுறது?"

காதைப் பெருப்பித்தார். வெட்டின் ஓரத்து மயிர் பனையளவு வந்தது. ஒரு மயிர், தட்டு. ஒரு மயிர், தட்டு. நேரம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கரண்டியாலே சோறு சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார், ஆட்டை நிமிர்ந்து பார்க்காமலே. கீழே முனகல் கூடியது. அவர் அதையும் கேட்கவில்லை, அவர் இப்போது ஒரு காதுக்குள்ளே இருந்தார். கடைசியாக, நிறம் சரியோ என்று ஒத்துப் பார்க்க மூக்குக் கண்ணாடிக்கு மேலாலே நிமிர்ந்தார்.

மூன்று ஆடு நின்றது.

ஒன்று பெரிது. இரண்டு சின்னது, ஈரமாக, நிற்கிறதா விழுகிறதா என்று முடிவெடுக்காமல். மனேச்சர் தடுமாறினார். கை தவறி மாதிரியைப் பிரதி பண்ணிவிட்டேனோ, எந்த லெயரிலே, படத்தின் எந்த அடுக்கிலே நிற்கிறேன் என்று ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. குனிந்து இரண்டு விரலாலே நிலத்தைத் தட்டினார்.

மூன்றும் நின்றது.

"மனேச்சர் அண்ணை! முடிஞ்சுதோ?" படலையிலே பூரணத்தின் குரல்.

"இன்னும் முடியேல்லை! ஒரு ஆடு வந்தது, மாதிரிக்குக் கட்டினனான். இப்ப மூண்டாயிட்டுது. ஒருக்கா வந்து பாரும், எனக்குக் கொஞ்சம் தலையைச் சுத்துது."

பூரணம் பின்வளவுக்கு வந்தா. நின்றா. "பவுணு!" என்று ஒரு சத்தம். ஆடு 'மே' என்றது, மூன்று நாள் பேச்சை ஒரே சொல்லிலே சொல்வதுபோல. பூரணம் நிலத்திலே இருந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, குட்டிகளைத் தன் சேலையாலே துடைத்துத் துடைத்து அழுதா, சிரித்தா.

"பூரணம், அவசரப்படாதையும்" என்றார் மனேச்சர். "உது உம்மடை ஆடில்லை."

"என்ன?"

"உம்மடை ஆட்டுக்கு வெள்ளை வலக்காலிலை. உதுக்கு இடக்காலிலை. வடிவாப் பாரும்."

"ஆர் சொன்னது வலக்காலெண்டு?"

"படத்திலை கிடக்கு." ரப்பை நீட்டினார்.

பூரணம் படத்தைப் பார்த்தா. பிறகு மனேச்சரைப் பார்த்தா. "போத்தல் பால் பருக்கி வளத்தவளுக்கு என்ரை ஆட்டைத் தெரியாதோ, அண்ணை? உங்கடை படத்திலை நிக்கிறதுதான் ஆரோ பெத்த ஆடு! எப்ப தொடக்கம் இதிலை நிக்குது?"

"ஒம்பது மணி."

"ஒம்பது மணியோ! நான் அராலி வெளி முழுக்க நாய் மாதிரி ஓடித் திரியிறன், நீங்கள் இஞ்சை என்ரை ஆட்டைக் கட்டி வச்சுக் கீறிக்கொண்டிருந்தனீங்களோ? பிரசவம் பாத்தும் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"காதிலை நிண்டனான், பூரணம்" என்றார் அவர், மெல்லிய குரலிலே.

"நல்லவேளை, நாயின்ரை வாயிலை போகாமல் உங்கடை முருங்கையிலை நிண்டுது. அந்தப் புண்ணியத்துக்கு உங்களை விடுறன். இந்தாங்கோ, இதைப் பிடியுங்கோ, நான் தாயைப் பாக்கிறன்." ஈரக் குட்டி ஒன்றைத் தூக்கி அவருடைய மடியிலே வைத்தா.

மடியிலே ரப் இருந்தது.

குட்டி முன்னங்கால் இரண்டையும் கண்ணாடியிலே ஊன்றி எழும்பியது. இரண்டு குளம்பு. ஈரம். மெல்லிய தட்டு. காதின் ஒரு மயிர் போனது. பிறந்து பத்து நிமிடமான குட்டிக்கு நிற்கிறதிலே அவ்வளவு விருப்பம். விழுந்து விழுந்து எழும்பியது. டொக், டொக், டொக். காது போனது. மூக்கு போனது. வயிறு, மடி, நாலாவது கோப்பைத் தேத்தண்ணி, எல்லாம் வந்த வழியே வரிசையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. போனதைத் திருப்பிக் கொண்டுவர மூன்று விரலாலே தட்ட வேண்டும் என்று மனேச்சருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விழப்போன குட்டியைப் பிடித்த கையிலே மிச்சமிருந்தது இரண்டே விரல். அந்தரப்பட்டு அதாலே தட்டினார். இன்னும் கொஞ்சம் போனது.

கடைசியாகக் கண்ணாடியிலே மிஞ்சியது வெள்ளைப் பரப்பிலே ஒரு வால்.

பூரணம் எட்டிப் பார்த்து, "வால் அந்த மாதிரி இருக்கு, அண்ணை" என்றா. ஆறுதலுக்குத்தான் சொன்னா.

சத்தம் கேட்டு நாகேஸ்வரி வேலிக்கு மேலாலே தலையை நீட்டியது சரியாக அந்த நேரம். அவ கண்ணாலே கண்டது இதுதான்: மனேச்சரின் மடியிலே ரப், ரப்பின் மேலே, சொட்டச் சொட்ட ஈரத்தோடு, இப்போதுதான் உள்ளேயிருந்து ஏறி வந்ததுபோல ஒரு ஆட்டுக்குட்டி, கண்ணாடியிலே இன்னும் வெளியே வராமல் ஒரு வால். அவ பொய் சொன்னதாக ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. கண்டதைத்தான் சொன்னா. சந்தி, சித்தங்கேணி, திருநெல்வேலிச் சந்தை எல்லாம் அதற்குப் பிறகு தங்கள் பங்கைப் போட்டன.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நல்லது. ஆனால் ஒன்று கேட்கவா? போன மாதம் மருமகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பப் போய், எழுத்து ரோசாவிலேயா கத்தரிப்பூவிலேயா என்று முக்கால் மணித்தியாலம் உருட்டி, கேக்குக்குப் பக்கத்திலே ஒரு பூ, பூவுக்குப் பக்கத்திலே ஒரு வண்ணத்துப்பூச்சி என்று ஒட்டி, வண்ணத்துப்பூச்சி பெரிதாகிவிட்டதென்று சிறுப்பித்து, கடைசியில் பிறந்தநாள் முடிந்தபிறகு 'பிந்திய வாழ்த்து' என்று மாற்றி அனுப்பியது யார்? உங்கள் முகப்படத்திலே கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பை விரலாலே தேய்த்துத் தேய்த்து, கண்ணையும் சேர்த்து எடுத்துவிட்டது யார்? வாசித்துக்கொண்டே இரண்டு விரலாலே எதையாவது தட்டிக்கொண்டிருக்கிறீர்களா? கையைக் கொஞ்சம் பாருங்கள். காலுறை இல்லாவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது.

குட்டிகள் இரண்டும் சுகம். ஒன்றுக்கு அரைப்பவுண், மற்றதுக்குக் காப்பவுண் என்று பூரணம் பெயர் வைத்திருக்கிறா. செபநாயகத்தின் கடையிலே அந்த நோட்டீசு இன்னும் மேல்பாதி வெறுமையாகவே கிடக்கிறது. ஒரு கிழமைக்குப் பிறகு மனேச்சர் பாண் வாங்கச் சைக்கிளிலே போனார். தேத்தண்ணிக் கடை வாசலிலே ஏழெட்டுப் பேர். கதை கேட்டுச் சுழிபுரத்திலிருந்தே வந்த ஒருவர் மரியாதையாக எழும்பி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மனேச்சர் ஐயா, நீங்கள் கீறின ஆடு குட்டி போட்டதாமே, மெய்யோ?"

மனேச்சர் ஒற்றைக் காலை நிலத்திலே ஊன்றினார். முகம் சிவலையாகச் சிவந்தது.

"முழுப் பொய்! ஆர் காணும் சொன்னது நான் ஆட்டைக் கீறினனானெண்டு? வால்தான் முடிஞ்சிருக்கு. அதிலையும் ஒரு திருத்தம் கிடக்கு."